சுங்கைப்பட்டாணிக்குக் காரில் போகிறோம்: வழியில் நிற்கலாமா?

கேள்வி: உட்லண்ட்சில் வசிக்கிறோம். சுங்கைப்பட்டாணியில் என் நாத்தனார் மகளுக்குத் திருமணம். நான், கணவர், 72 வயது மாமியார், 9 வயது மகன், 4 வயது மகள் என ஐந்து பேரும் காரில் போகத் திட்டமிட்டோம். சென்ற ஆண்டு ஈப்போவிலிருந்து திரும்பும்போது நெடுஞ்சாலையில் ஓர் ஓய்விடத்தில் சாப்பிட இறங்கினோம். கூட்டத்தில் மகன் பத்து நிமிடம் காணாமல் போய்விட்டான். அவனைக் கண்டுபிடித்துக் காருக்குத் திரும்பினால் முன் இருக்கையில் இருந்த என் கைப்பை இல்லை. கண்ணாடியும் உடையவில்லை, பூட்டும் உடையவில்லை. அதிலிருந்து என் கணவர், இனி வழியில் எங்கும் நிற்கக்கூடாது என்கிறார். வெள்ளிக்கிழமை வேலை முடிந்ததும் புறப்பட்டு, பெட்ரோல் போட மட்டும் நின்று, விடிவதற்குள் போய்ச் சேர்ந்துவிடலாம் என்பது அவர் திட்டம். மாமியாருக்குச் சர்க்கரை நோய். அடிக்கடி கழிவறைக்குப் போக வேண்டும். "என்னால் உங்களுக்குத் தொந்தரவு, நான் வரவில்லை" என்று சொல்லத் தொடங்கிவிட்டார். எனக்கும் ஓட்டுநர் உரிமம் இருக்கிறது, ஆனால் மலேசியாவில் ஓட்டியதில்லை. வழியில் நிற்பது அவ்வளவு ஆபத்தானதா? மாமியாரை விட்டுவிட்டுத்தான் போக வேண்டுமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

கைப்பை போனதை இரண்டே வரிகளில் எழுதிவிட்டீர்கள். மகன் காணாமல் போன அந்தப் பத்து நிமிடம்தான் உங்களை இன்னும் விடவில்லை என்று தெரிகிறது. உங்கள் கணவரின் மனநிலையும் எனக்குப் புரிகிறது. குடும்பத்தைக் காப்பாற்ற வேண்டும் என்ற எண்ணத்தில்தான் அவர் நிற்கவே கூடாது என்கிறார். ஆனால் அவர் தேர்ந்தெடுத்திருக்கும் வழி, ஒரு திருடனுக்குப் பயந்து அதைவிடப் பெரிய ஆபத்தின் மடியில் போய் உட்காருவதாகும். இருபது ஆண்டுகளுக்கு மேல் சிங்கப்பூரிலிருந்து மலேசியாவுக்குச் சுற்றுலாப் பேருந்து ஓட்டியவன், இப்போது ஓட்டுநர்களுக்குப் பாதுகாப்புப் பயிற்சி அளிப்பவன் என்ற முறையில் இதை அழுத்தமாகச் சொல்கிறேன். உங்கள் கடிதத்தில் இருக்கும் மிக ஆபத்தான விஷயம் ஓய்விடம் அல்ல; நிற்காமல் ஓடும் அந்த இரவுதான்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். உங்கள் வீட்டிலிருந்து சுங்கைப்பட்டாணி 700 கிலோமீட்டருக்கு மேல். வெள்ளி மாலை கடற்பாலத்தைக் கடக்க இரண்டு மணி நேரம் ஆவது புதிதல்ல. காலை ஏழு மணிக்கு எழுந்து வேலைக்குப் போன மனிதர், இரவு பத்து மணிக்கு ஜோகூர் பாருவைத் தாண்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அப்போதே அவர் பதினைந்து மணி நேரம் விழித்திருந்துவிட்டார். இனிமேல்தான் உண்மையான ஓட்டம் தொடங்குகிறது. பின்னிரவு இரண்டு மணியிலிருந்து விடியற்காலை வரை நம் உடல் தூக்கத்துக்கென்றே ஒதுக்கியிருக்கும் நேரம். மன உறுதி அங்கே செல்லுபடியாகாது. கண் திறந்திருக்கும்போதே மூளை சில நொடிகள் அணைந்துவிடும். 110 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நொடிக்குக் கார் 30 மீட்டர் ஓடுகிறது. நான்கு நொடி கண்ணயர்ந்தால் 120 மீட்டர் தூரம் ஐந்து உயிர்களை ஏற்றிய வண்டி யாரும் ஓட்டாமல் போகிறது. அந்த நேரத்தில் அவர் எந்த இடத்தில் இருப்பார் தெரியுமா? ஈப்போவுக்கு வடக்கே மெனோரா சுரங்கப்பாதையை ஒட்டிய மலைச் சரிவில், பாரம் ஏற்றிய லாரிகளுக்கு நடுவே.

ஆகவே முதல் ஆலோசனை: பயணத்தை இரண்டாக உடையுங்கள். வெள்ளி இரவு புறப்பட்டே ஆக வேண்டும் என்றால் மலாக்கா அல்லது சிரம்பான் வரை போய் ஒரு விடுதியில் தூங்குங்கள். காலையில் பசியாறிவிட்டு, வெளிச்சத்தில் மீதித் தூரத்தைக் கடக்கலாம். ஒரு இரவு விடுதிச் செலவை நினைத்துத் தயங்க வேண்டாம். சனிக்கிழமை காலைதான் புறப்பட முடியும் என்றாலும் நல்லதே. முதல் நாள் இரவு அவர் நன்றாகத் தூங்கியிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

நீங்களும் ஸ்டீயரிங்கைப் பிடிக்க வேண்டும் என்பது என் ஆசை. மலேசியாவிலும் இடப்பக்கம்தான் ஓட்டுகிறார்கள், சாலை அகலமானது, பகல் வெளிச்சத்தில் ஒரு மணி நேரப் பகுதியை நீங்கள் ஏற்றுக்கொள்ளலாம். முதலில் உங்கள் காப்புறுதி ஒப்பந்தத்தை எடுத்து, நீங்கள் ஓட்டினாலும் அது செல்லுமா, மலேசியாவில் வண்டி பழுதானால் இழுத்துவரும் செலவு அடங்குமா என்று பார்த்துவிடுங்கள்.

இனி நிற்கும் விஷயத்துக்கு வருகிறேன். மலேசியாவின் வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் நிற்பதற்கு இரண்டு வகை இடங்கள் உண்டு. நாம் 'ஆர் அண்ட் ஆர்' என்று சொல்லும் பெரிய ஓய்விடங்களில் உணவுக் கடைகள், வரிசையாகக் கழிவறைகள், தொழுகை அறை, பெட்ரோல் நிலையம், பழக்கடைகள் எல்லாம் இருக்கும். எப்போதும் ஆள் நடமாட்டம் உண்டு. தெற்கிலிருந்து போனால் மச்சாப், பாகோ, ஆயர் குரோ, சிரம்பான் என்று அடுத்தடுத்து வரும். கோலாலம்பூரைத் தாண்டினால் ரவாங், தாப்பா, சுங்கை பேராக், குனோங் செமாங்கோல் என்று தொடரும். இன்னொரு வகை சிறிய 'லே-பை'. ஒரு கழிவறை, சில நிழற்குடில்கள், இரண்டொரு கடை, சில நேரம் கடைகூட இல்லை. பகலில் அவசரத்துக்கு லே-பை போதும். இருட்டிய பிறகு குடும்பத்தோடு அங்கே ஒதுங்காதீர்கள். விளக்கு குறைவு, லாரிகள் நீளமாக நின்று பார்வையை மறைக்கும், கூப்பிட்டால் ஓடிவர ஆள் இருக்காது.

எந்த இடங்களில் நிற்பது என்று வீட்டில் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து முடிவு செய்யுங்கள். களைத்த பிறகு, கழிவறை முட்டிய பிறகு, குழந்தை அழுத பிறகு தேடினால் கையில் கிடைத்த இடத்தில்தான் நிற்போம். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை நிற்பது என் வழக்கம். மாமியார் இருப்பதால் நீங்கள் ஒன்றரை மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு இடத்துக்கும் மாற்றாக அதற்கு அடுத்து வரும் ஓர் இடத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். தைப்பூசம், தீபாவளி, சீனப் புத்தாண்டு, நோன்புப் பெருநாள் காலங்களில் ஆர் அண்ட் ஆர் நிரம்பி, உள்ளே நுழையக் காத்திருக்கும் வாகனங்கள் அவசரத் தடத்தில் வால்போல் நீண்டு நிற்கும். அந்த வாலில் கடைசி வண்டியாக நிற்பதைப்போல் ஆபத்தான காரியம் வேறில்லை; பின்னால் வரும் லாரி ஓட்டுநர் ஒரு கணம் தாமதமாகப் பார்த்தால் போதும். அப்படிக் கண்டால் நிற்காமல் கடந்துவிடுங்கள். அல்லது சுங்கச்சாவடி வழியாக வெளியேறி ஊருக்குள் போங்கள். யோங் பெங்கில் சிங்கப்பூர்ப் பேருந்துகள் பல காலமாகவே நின்று சாப்பிட்டுப் போகின்றன. பீடோருக்குள் போனால் கொய்யாப்பழமும் கிடைக்கும். ஊர்க் கடையில் ஜன்னலோர மேசையில் உட்கார்ந்து, காரைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டு சாப்பிடுவதில் இருக்கும் நிம்மதி பெரிய ஓய்விடக் கூட்டத்தில் கிடைக்காது.

உங்கள் கைப்பை எப்படிப் போனது என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் பூட்டும் உடையாமல் கண்ணாடியும் உடையாமல் பொருள் போனால் இரண்டு காரணங்களை நினைக்கலாம். மகனைத் தேடும் பதற்றத்தில் கார் பூட்டப்படாமலே விடப்பட்டிருக்கலாம். அல்லது பூட்டும் பொத்தானை அழுத்தியபோது, அருகில் யாரோ கருவி கொண்டு அந்தச் சமிக்ஞையைத் தடுத்திருக்கலாம். இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான். பொத்தானை அழுத்திவிட்டு நடந்துகொண்டே திரும்பிப் பார்க்காமல் போகும் பழக்கத்தை விடுங்கள். அழுத்துங்கள், விளக்கு மின்னுகிறதா என்று பாருங்கள், பிறகு கைப்பிடியை இழுத்துப் பாருங்கள். இந்த வேலையை உங்கள் மகனிடம் ஒப்படையுங்கள். ஒன்பது வயதுப் பையனுக்கு நான்கு கதவையும் இழுத்துப் பார்த்து "பூட்டியாகிவிட்டது" என்று அறிவிக்கும் பொறுப்பு கிடைத்தால் அவன் உங்களைவிட்டு விலகி ஓடவும் மாட்டான்.

கைப்பையைப் பின்பெட்டியில் வைக்கலாமா என்று கேட்பார்கள். வைக்கலாம், ஆனால் வீட்டுக் கார் நிறுத்துமிடத்திலேயே வைத்துவிட வேண்டும். ஓய்விடத்தில் காரை நிறுத்திய பிறகு, எல்லோரும் பார்க்க, பின்பெட்டியைத் திறந்து பையை வைத்து மூடிவிட்டுச் சாப்பிடப் போவது, மதிப்புள்ள பொருள் இங்கே இருக்கிறது என்று பலகை மாட்டுவதற்குச் சமம். சிங்கப்பூர் எண் பலகை வேறு எட்டு கார் தள்ளி நின்றாலும் தெரியும். இருக்கையில் எதுவும் இருக்கக்கூடாது; பழைய துணிப்பையாக இருந்தாலும் வெளியிலிருந்து பார்ப்பவனுக்கு அது பைதான்.

கல்யாணத்துக்குப் போகிறீர்கள், அதனால் நகையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஆரத்தையும் வளையலையும் புடவைப் பெட்டிக்குள் சுருட்டி வைத்துக் காரில் விட்டுவிட்டுச் சாப்பிடப் போகும் குடும்பங்களை நிறையப் பார்த்திருக்கிறேன். கழுத்தில் அணிந்துகொண்டு ஓய்விடத்தில் நடப்பதும் நல்லதல்ல. ஒரு சிறிய துணிப்பையில் போட்டு, உடையின் உள்ளே உடலோடு ஒட்டிக் கட்டிக்கொள்ளுங்கள். கடப்பிதழ்களும் அப்படித்தான். இப்போது சிங்கப்பூர்ச் சோதனைச்சாவடியில் காரில் இருந்தபடியே கியூஆர் குறியீட்டைக் காட்டிக் கடந்துவிடுவதால், கடப்பிதழைக் கையில் எடுக்கும் பழக்கமே குறைந்துவிட்டது; காரின் முன்னறையில் போட்டு மறந்துவிடுகிறார்கள். தொலைந்தால் அருகிலுள்ள போலீஸ் நிலையத்தில் புகார் கொடுத்து, அந்த அறிக்கையோடு கோலாலம்பூரில் உள்ள சிங்கப்பூர்த் தூதரகத்தையோ ஜோகூர் பாருவில் உள்ள துணைத் தூதரகத்தையோ அணுக வேண்டும். கல்யாண வீட்டுக்குப் போக வேண்டிய நாள் அதிலேயே கழிந்துவிடும். ஐந்து கடப்பிதழ்களும் ஒருவரிடம், அவர் உடலில், எப்போதும்.

இன்னொரு தந்திரத்தையும் சொல்லிவைக்கிறேன். ஒரு முறை பயணிகளை இறக்கிவிட்டுப் பேருந்துப் படிக்கட்டில் நின்றுகொண்டிருந்தேன். எதிரே ஒரு குடும்பம் காரில் ஏறிப் புறப்படத் தயாரானது. ஒருவர் ஓட்டுநர் பக்கம் வந்து கண்ணாடியைத் தட்டி, பின் சக்கரத்தைக் காட்டினார். முகத்தில் அக்கறை. ஓட்டுநர் இறங்கிப் பின்னால் போய்க் குனிந்தார். அவர் மனைவியும் இறங்கி எட்டிப் பார்த்தார். அந்த நேரத்தில் இடப்பக்க முன்கதவு திறந்ததை நான் பார்த்தேன். சத்தம் போடுவதற்குள் ஒரு கை உள்ளே போய் வெளியே வந்துவிட்டது. சக்கரத்துக்கு எதுவும் ஆகவில்லை. இதே நாடகம் பெட்ரோல் நிலையத்திலும் நடக்கும், எண்ணெய் ஒழுகுகிறது, கதவில் துணி மாட்டியிருக்கிறது என்று வசனம் மட்டும் மாறும். யாராவது அப்படிச் சொன்னால் கண்ணாடியைத் திறக்காமல் கையை உயர்த்தி நன்றி காட்டுங்கள். கதவுகள் பூட்டியபடியே, மெதுவாக, வெளிச்சமும் ஆட்களும் உள்ள இடம் வரை ஓட்டிப்போய்ப் பாருங்கள். உண்மையிலேயே காற்று இறங்கியிருந்தாலும் நூறு மீட்டர் மெதுவாக ஓட்டுவதால் போவது டயர் மட்டும்தான். இறங்கித்தான் பார்க்க வேண்டும் என்றால் ஒருவர் மட்டும் இறங்குங்கள், சாவியைக் கையோடு எடுத்துக்கொண்டு. மற்றவர்கள் உள்ளே பூட்டிக்கொண்டு இருக்கட்டும். உதவ வருபவர்கள் எல்லோரையும் சந்தேகிக்கச் சொல்லவில்லை. மலேசியச் சாலைகளில் எனக்குப் பல முறை உதவியவர்கள் முன்பின் தெரியாதவர்கள்தான். நல்ல மனிதர் நீங்கள் கதவைத் திறக்காததற்காகக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

ஆனால் சகோதரி, திருடனைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தால் ஓய்விடத்தின் மற்ற ஆபத்துகள் கண்ணில் படாது. நான் கண்முன்னே பார்த்த விபத்துகளில் பெரும்பாலானவை கார் நிறுத்துமிடத்திலும் கழிவறையிலும் நடந்தவை. பல மணி நேரம் ஓட்டிக் களைத்தவர்கள் அரைத்தூக்கத்தில் பின்னோக்கி எடுக்கும் இடம் அது. நான்கு வயதுப் பெண்ணின் தலை, பின்னோக்கி வரும் காரின் கண்ணாடிக்குக் கீழேதான் இருக்கும். ஓட்டுநருக்கு அவள் தெரியமாட்டாள். கார் நின்றதும் பிள்ளைகள் கதவைத் திறந்துகொண்டு குதிக்க விடாதீர்கள். முதலில் நீங்கள் இறங்கி, அவர்கள் பக்கம் போய், கதவைத் திறந்து, கையைப் பிடித்த பிறகே அவர்கள் கால் தரையில் படட்டும். கடைசி வரிசையில் இடம் கிடைத்தாலும் நடைபாதையை ஒட்டிய இடத்துக்கு இன்னொரு சுற்று வந்து பாருங்கள். காரைப் பின்னோக்கி நிறுத்திவிட்டால் புறப்படும்போது முன்னால் பார்த்தபடியே வெளியேறலாம்.

மகன் காணாமல் போனது எந்த ஓய்விடத்தில் என்று நீங்கள் எழுதவில்லை. ஆயர் குரோவிலும் சுங்கை பூலோவிலும் நெடுஞ்சாலைக்கு மேலேயே பாலம்போல் உணவகம் கட்டியிருக்கிறார்கள். வடக்கே போகிறவர்களும் தெற்கே போகிறவர்களும் அதே இடத்தில் ஏறிச் சாப்பிடுகிறார்கள். பிள்ளைகளுக்கு மேலிருந்து வண்டிகள் ஓடுவதைப் பார்ப்பது கொண்டாட்டம். ஆனால் இரண்டு பக்கமும் படிகள் இருக்கின்றன. தவறான படியில் இறங்கினால் எதிர்த்திசைக் கார் நிறுத்துமிடத்துக்குப் போய்விடுவோம். அங்கும் அதேபோன்ற வரிசைகள், அதேபோன்ற விளக்குகள், நம் கார் மட்டும் இருக்காது. பெரியவர்களே திகைத்துப்போவார்கள், பிள்ளை என்ன செய்வான்? அப்படிப்பட்ட இடத்தில் ஏறும்போதே படிக்குப் பக்கத்தில் இருக்கும் கடையைக் காட்டி, "இந்தக் கடை வழியாகத்தான் இறங்க வேண்டும்" என்று சொல்லுங்கள். எந்த ஓய்விடமானாலும், காணாமல் போனால் தேடி அலையக்கூடாது, சமையல் சட்டி பின்னால் தெரியும் ஏதாவது ஓர் உணவுக் கடையின் முன்னால் போய் நின்று கடைக்காரரிடம் சொல்ல வேண்டும் என்று மகனுக்குக் கற்றுக்கொடுங்கள். உங்கள் தொலைபேசி எண்ணை நாட்டுக் குறியீட்டோடு ஒரு தாளில் எழுதி இரண்டு பிள்ளைகளின் சட்டைப் பையிலும் வையுங்கள். மலேசிய எண் எடுத்திருந்தால் அதை எழுதுங்கள்.

பிள்ளைகள் தூங்கிவிட்டார்கள், ஐந்தே நிமிடம்தானே என்று காரில் விட்டுவிட்டு இறங்கக்கூடாது. வெயிலில் நிற்கும் மூடிய காருக்குள் பத்து நிமிடத்தில் வெப்பம் பத்து டிகிரி வரை ஏறிவிடும். நிழலில் நிறுத்தினாலும் ஏறத்தான் செய்யும். சரி, குளிர்சாதனத்தை ஓடவிட்டுப் போகலாமா? அதுவும் வேண்டாம்.

இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் கணவர் களைத்துப்போனால் செய்யக்கூடியது இதுதான். ஒரு விடியற்காலையில் ஓர் ஓய்விடத்தில் சிங்கப்பூர்க் கார் ஒன்று என்ஜின் ஓடியபடி நின்றது. கண்ணாடிகள் முழுக்க மூடி, உள்ளே ஆவி படிந்திருந்தது. புகைக்குழாய் பின்னால் இருந்த மேட்டுக்கு ஒரு சாண் தூரத்தில். அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள் எல்லோரும் தூக்கம். நான் தட்டினேன். எழவில்லை. உள்ளங்கையால் ஓங்கித் தட்டிய பிறகே அப்பா கண்ணைத் திறந்தார். ஏன் எழுப்பினேன் என்று அவருக்குப் புரியவே நேரம் பிடித்தது. தலை வலிக்கிறது என்றார். பிள்ளைகளை வெளியே தூக்கிவந்து புல்தரையில் உட்காரவைத்தோம். சின்னவன் வாந்தி எடுத்தான். நல்லவேளையாக எல்லோரும் தெளிந்துவிட்டார்கள். புகைக்குழாயிலோ அடிப்பகுதியிலோ சின்ன ஓட்டை இருந்தாலும், நிற்கும் காரைச் சுற்றித் தேங்கும் புகையிலிருந்து கார்பன் மோனாக்சைடு உள்ளே வரும். நிறமில்லை, மணமில்லை. தூங்குபவரை எழுப்பாமலே ஆழ்ந்த மயக்கத்துக்குக் கொண்டுபோய்விடும். கண்ணாடியை ஒரு விரல் இறக்கிவைத்தால் போதும் என்று நம்புவதும் தவறு.

எப்படித்தான் ஓய்வெடுப்பது? பகலில், நிழலில், என்ஜினை அணைத்துவிட்டு, கண்ணாடிகளைத் தாராளமாக இறக்கிவைத்து, ஒருவர் விழித்திருக்க இன்னொருவர் இருபது நிமிடம் கண்ணயரலாம். அதைவிட நல்லது நிழற்குடிலின் பெஞ்சில் சாய்வது. தூங்குவதற்கு முன் ஒரு காப்பி குடிக்கச் சொல்லுங்கள். காப்பி வேலை செய்ய அரை மணி நேரம் பிடிக்கும். அவர் எழும்போது அதுவும் எழும். இருபது நிமிடத்துக்கு மேல் போனால் ஆழ்ந்த தூக்கமாகி, எழுந்ததும் தலை பாரமாக இருக்கும். அப்படியானால் முகம் கழுவி, பத்து நிமிடம் நடந்த பிறகே ஸ்டீயரிங்கைத் தொட வேண்டும். இரவில் உண்மையிலேயே தூக்கம் தள்ளினால் அடுத்த ஊரில் இறங்கி விடுதி பாருங்கள். காரில் குடும்பத்தோடு இரவு தங்குவதை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை.

அவசரத் தடம் ஓய்வெடுக்கும் இடமல்ல. குழந்தைக்கு அவசரம், தொலைபேசி அழைப்பு, பால் புட்டி என்று எதற்காகவும் அங்கே நிற்காதீர்கள். வண்டி பழுதாகி நின்றுதான் தீர வேண்டும் என்றால் எல்லோரும் இடப்பக்கமாக இறங்கி, இரும்புத் தடுப்புக்கு அப்பால் போய் நில்லுங்கள். காருக்குள்ளேயும் உட்காராதீர்கள், காருக்குப் பின்னாலும் நிற்காதீர்கள். நெடுஞ்சாலை உதவிக்கு 1800-88-0000, போலீசுக்கும் ஆம்புலன்சுக்கும் 999. இரண்டையும் இன்றே தொலைபேசியில் பதிந்துகொள்ளுங்கள். எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டால் சொல்லத் தெரிய வேண்டும்: சாலையோரப் பலகையில் கிலோமீட்டர் எண் இருக்கும், அதையும் வடக்கே போகிறீர்களா தெற்கே போகிறீர்களா என்பதையும் சொன்னால் போதும்.

பெட்ரோல் விஷயம் சுருக்கமாக. சிங்கப்பூரைவிட்டு வெளியேறும்போது டாங்க் முக்கால் பங்கு நிரம்பியிருக்க வேண்டும் என்பது சட்டம், உங்களுக்குத் தெரிந்ததுதான். மலேசியாவில் அரை டாங்குக்குக் கீழே இறங்க விடாதீர்கள், ஏனென்றால் விழாக்காலத்தில் ஓய்விடப் பெட்ரோல் நிலையத்தில் வரிசை நீளும். மஞ்சள் குழாயில் வரும் ரோன் 95 வெளிநாட்டு வண்டிகளுக்குக் கிடையாது. ரோன் 97 போடுங்கள். பணம் கட்ட ஒருவர் உள்ளே போகும்போது மற்றவர்கள் கதவைப் பூட்டிக்கொள்ளட்டும். டச் அண்ட் கோ அட்டையில் போக வரச் சுங்கக் கட்டணத்துக்குப் போதுமான தொகையைப் புறப்படும் முன்பே நிரப்புங்கள். வாகன நுழைவு அனுமதி இல்லாத சிங்கப்பூர்க் கார்களுக்கு 2025 ஜூலை 1 முதல் 300 ரிங்கிட் அபராதம் விதிக்கிறார்கள் என்பதையும் நினைவில் வையுங்கள்.

இப்போது மாமியார். நாத்தனாரின் மகள் கல்யாணம் என்றால் மணப்பெண் அவருக்குப் பேத்தி. பேத்தியின் கழுத்தில் தாலி ஏறுவதைப் பார்க்க வேண்டிய பாட்டியை, கழிவறைக்கு நிற்க வேண்டும் என்பதற்காகவா வீட்டில் விட்டுவிட்டுப் போவீர்கள்? கட்டாயம் அழைத்துப் போங்கள். அவர் "தொந்தரவு" என்று சொல்வதன் பின்னால் இன்னொன்றும் நடக்கும், கவனியுங்கள். என் பேருந்தில் வந்த எத்தனையோ பாட்டிகள், வண்டியை நிறுத்தச் சொல்லக் கூச்சப்பட்டுக் காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் இருப்பார்கள். நாக்கு வறண்டு, தலை சுற்றி, இறங்கும்போது தடுமாறுவார்கள். சர்க்கரை நோயாளிக்கு அது நல்லதே அல்ல. "ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு முறை எங்களுக்காகவே நிற்கப் போகிறோம்" என்று உங்கள் கணவர் வாயால் அவரிடம் சொல்லச் சொல்லுங்கள். மகன் சொன்னால்தான் நம்புவார். பிறகு அவர் தயங்காமல் தண்ணீர் குடிப்பார்.

அவருக்கு முன் இருக்கையைக் கொடுங்கள்; கால் நீட்ட இடம் இருக்கும், ஏறி இறங்கவும் எளிது. மருந்துகள், குறிப்பாக இன்சுலின் போடுகிறார் என்றால், காரில் விட்டுவிட்டு இறங்கக்கூடாது, வெப்பத்தில் கெட்டுவிடும். குளிர்ப்பையில் வைத்து உங்களோடு எடுத்துச் செல்லுங்கள். சாப்பாட்டு நேரம் தள்ளிப்போகாமல் இருக்கக் கையில் பிஸ்கட்டோ வாழைப்பழமோ, சர்க்கரை இறங்கினால் கொடுக்க இனிப்பான பானமோ இருக்கட்டும். நீங்கள் சைவமாக இருந்தால் ஓய்விடக் கடைகளை நம்பாமல் இட்லியோ புளிச்சோறோ கட்டிக்கொள்வது நல்லது. ஓய்விடக் கழிவறையின் தரை பெரும்பாலும் ஈரமாகத்தான் இருக்கும். வழுக்கும் ரப்பர் செருப்பு வேண்டாம்; பின்பட்டை உள்ள, அடியில் பிடிமானம் உள்ள செருப்பை வாங்கிக் கொடுங்கள். குந்தும் கழிவறைகள் பல இருக்கும், கைப்பிடியோடு உட்காரும் வசதி மாற்றுத்திறனாளிகளுக்கான அறையில் கிடைக்கும். நீங்கள் கூடவே போய்க் கதவுக்கு வெளியே நில்லுங்கள், கதவைத் தாழிட வேண்டாம் என்று சொல்லுங்கள். அந்த நேரத்தில் பிள்ளைகள் இருவரும் அப்பாவின் கையில்.

மச்சாப்பில் முதல் முறை நிற்கும்போது அவர் வேண்டாம், எனக்கு ஒன்றும் இல்லை என்பார். அப்போதும் இறக்கிவிடுங்கள். நிழலில் ஐந்து நிமிடம் நடக்கட்டும், கால் வீக்கம் குறையும். பாகோவில் அவரே கதவைத் திறப்பார்.